தின்னும் சித்திரம் யாருக்குச் சொந்தம்?

தீர்த்தகிரீசுவரரைத் தரிசித்துத் தீர்த்தமலையிலிருந்து இறங்கிய ஒரு மாலையில், அடிவாரத்து உறவினர் வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள் கேக்கின்மேல் அதே மலையின் படம் ஒட்டியிருக்கக் கண்டேன். மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்த மெல்லிய ஏட்டில், உண்ணத்தகுந்த மையால் அச்சிட்ட அந்தச் சித்திரம், கிரீமின் ஈரத்தில் ஓரம் நெகிழ்ந்து, நாவில் பட்டதும் கரைந்துபோயிற்று.

இத்தகைய ஏடுகளுக்கும் அவற்றை அச்சிடும் முறைகளுக்கும் மேல்நாட்டார் பேடன்ட் என்னும் காப்புரிமை பெற்றிருக்கிறார்கள். நம் தேசத்திலோ, 1970-ஆம் ஆண்டுச் சட்டம் உணவின் செய்முறைக்கு மட்டுமே அவ்வுரிமையை அளித்து வந்தது; 2005 ஜனவரி 1 முதற்கொண்டுதான், புதுமையும் கண்டுபிடிப்புத் திறனும் நிரூபிக்கப்பட்டால், உணவுப்பொருளுக்கும் 20 ஆண்டு உரிமை கிடைக்கிறது. பரம்பரை ஞானத்துக்கு அது கிடையாது. ஆகவே, மிட்டாயின்மேல் வெள்ளித்தாள் ஒட்டும் புராதன வழக்கத்தை எவரும் தமதென்று கோர இயலாது.

இந்த நியாயத்தின் அருமையை நமக்கு உணர்த்தியது மஞ்சள். காயம் ஆற்றும் அதன் குணத்துக்கு 1995-இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமையை, நம் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில், சமஸ்கிருத நூல் முதலிய பழைய சான்றுகளைக் காட்டி எதிர்த்து, 1997-இல் ரத்துச் செய்வித்தது. எங்கள் பாட்டிமார் அறிந்திருந்ததை ஏடு காட்டி மெய்ப்பிக்க நேர்ந்ததே என்று இன்றும் என் மனம் நோகிறது.

ஏட்டின் கதை இது. அதன்மேலுள்ள படமோ வேறு. மலையை வரைந்த ஓவியருக்குப் பதிப்புரிமை அவர் ஆயுள் முழுதும், அதன்பின் 60 ஆண்டும் உண்டு. கேக் கடைக்காரர் அவரிடம் அநுமதி கேட்டே அச்சிட வேண்டும்.