திரையில் முதலிற் பேசுவது யார்?

விசையை அழுத்தியவுடன் கணிப்பொறி விழித்துக்கொள்கிறது. ஆயினும் அப்போது அதற்கு ஒன்றும் தெரியாது. அதனை ஆளும் இயங்குதளம் முழுவதும் வட்டில் உறங்குகிறது. வட்டிலிருந்து அதனை எடுக்க ஒரு நிரல் வேண்டும்; அந்நிரலும் வட்டிலன்றோ உள்ளது? தன் தோள்மேல் தானே ஏறுவது எங்ஙனம்? மேனாட்டார் இதனைத் தன் காலணி வாரைத் தானே பற்றித் தன்னைத் தூக்குதல் என்பர். 'பூட்' என்னும் வழக்கு அதிலிருந்தே பிறந்தது.

கண்ட வழி, படிப்படியாக ஏறுதல். பழைய கணிப்பொறிகளில், பலகையிலேயே பதிந்துள்ள 'பயாஸ்' என்னும் நிரல் முதலில் எழுந்து, வட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படிக்கும். அச்சிறு பகுதி தன்னினும் பெரிய நிரலை அழைக்கும். அஃது இயங்குதளத்தை அழைக்கும். இவ்விடைநிலை நிரல்களே தொடக்க ஏற்றிகள். 2011 முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோசும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் ஒருங்கே இருந்தன. எது வேண்டும் என வினவுவதும் ஏற்றியின் வேலையே. இன்றைய பொறிகளில் பயாசின் இடத்தை யூஇஎஃப்ஐ பெற்றுவிட்டது. படிகள் மட்டும் நீங்கவில்லை.

நிற்க. 1990களில் லினக்சுக்கு வழங்கிய 'லைலோ' என்னும் ஏற்றி தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திரையில் இடும். இரண்டெழுத்தோடு நின்றால், இரண்டாம் பகுதி ஏற்றப்பட்டது, ஆனால் இயங்கவில்லை என்பது பொருள். பெயரே நோய்க்குறி! இத்துணை நேர்மையான பிழைச்செய்தி அரிது.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பலரை அச்சுறுத்தியது 'என்டிஎல்டிஆர் காணவில்லை' என்னும் செய்தி. நன்னூலார் கூறும் அழகுகளுள் சுருங்கச் சொல்லல் இதில் உண்டு. விளங்க வைத்தல் இல்லை. 512 பைட்டில் விளக்கத்துக்கு இடமேது? வட்டு மாண்டது என்று பலர் கலங்கினர். இதனைச் சொல்வதே வட்டின் முதற் பகுதிதான், மாண்டது பேசுமா? பலகையும் வட்டும் தம் வேலையைச் செய்தன. ஒரு கோப்பு மட்டும் கிட்டவில்லை. இதனை அறியாது வட்டைத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாக நிறுவினால், நலமாக இருந்த மதிப்பெண் பட்டியல்களும் அழியும்.

'தட்டுகளை அகற்றுக' என்ற பொருளில் வருவது இன்னும் எளிது. யாரோ மறந்து செருகி விட்டுப்போன பென்டிரைவ் பேசுகிறது. அதனைப் பிடுங்கிவிட்டு மீண்டும் தொடங்கினால் போதும். கம்போங் ராஜாவிலிருந்து ஈப்போவுக்குப் பொறியைச் சுமந்து மலையிறங்க வேண்டியதில்லை. ஆனால் 'வட்டைப் படிப்பதில் பிழை' என்று வந்தால் கவனம் வேண்டும். அப்போது பொறியை மீண்டும் மீண்டும் தட்டி எழுப்பாமல், வட்டைக் கழற்றி வேறொரு பொறியில் இணைத்து, முதலில் கோப்புகளைப் படியெடுத்துக்கொள்ள வேண்டும்.