உங்களுக்குத் தெரியுமா? டாலிகஞ்ச் மனைக் கணக்கு

● கொல்கத்தாவில் மனையைக் ‘கட்டா’ கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு கட்டா 720 சதுர அடி. நம் கிரவுண்டு ஒன்று மூன்றேகால் கட்டாவுக்குக் கொஞ்சம் கூடுதல். விலை கேட்டதும் ‘அட, மலிவு!’ என்று அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

● கொல்கத்தாவின் டாலிகஞ்ச் பகுதிக்குப் பெயர் தந்த வில்லியம் டாலி, கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவ அதிகாரி. மண்மூடிக் கிடந்த ஆதி கங்கை என்ற பழைய ஆற்றுத்தடத்தை 1770களில் தூர்வாரிப் படகுக் கால்வாய் ஆக்கினார். சும்மா அல்ல, படகுகளிடம் சுங்கம் வசூலிக்கவும் கரையில் சந்தை நடத்தவும் உரிமை வாங்கிக்கொண்டார்.

● அந்தக் கால்வாய்க்குள்தான் இன்று மெட்ரோ தூண்கள் நிற்கின்றன. 1986-ல் டாலிகஞ்சுக்கு வந்த மெட்ரோவை 2009-ல் தெற்கே நீட்டியபோது, பாதை கால்வாய்க்கு மேலேயே போனது. நெருக்கியடித்த தெருக்களில் வீடுகளை இடித்து நிலம் எடுப்பது லேசான காரியமா? தண்ணீர் இழப்பீடு கேட்காது, கோர்ட்டுக்கும் போகாது.

● 1806 வேலூர் சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு, திப்பு சுல்தானின் குடும்பத்தை ஆங்கிலேயர்கள் வேலூர்க் கோட்டையிலிருந்து கொண்டுபோய்க் குடிவைத்தது டாலிகஞ்சில்தான். அந்த வம்சத்தாரின் கைவசம் இருந்த தோட்டத்தில் 1895-ல் தொடங்கியது டாலிகஞ்ச் கிளப். பரப்பு சுமார் 100 ஏக்கர், அதாவது ஏறத்தாழ 1,800 கிரவுண்டு. பெரும்பகுதி கோல்ஃப் மைதானம்!

● அதற்குச் சில கிலோமீட்டருக்குள் வேறு கதை. 1947 பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள், பிஜய்கட், ஆசாத்கட், நேதாஜி நகர் என்று சும்மா கிடந்த நிலங்களில் புகுந்து குடியேறினார்கள். பிஜய்கட் இருந்த இடம் இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவ முகாம். பல காலனிகளில் ராத்திரியோடு ராத்திரியாக மூங்கில் நட்டு, கோரைத் தட்டி கட்டி, விடிவதற்குள் குடிசை எழுப்பினார்கள். நில உடைமையாளரின் அடியாட்களோ போலீஸோ வந்தால் பெண்கள் சங்கு ஊதுவார்கள்; காலனியே திரண்டுவிடும். அவர்களை வெளியேற்ற 1951-ல் சட்டம் வந்தது. ஆனால் மாற்று இடம் தராமல் அகற்ற முடியாது என்ற நிலையையும் அகதிகள் போராடிப் பெற்றார்கள். பட்டா கைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. வந்ததும் பின்னாலேயே ‘ப்ரமோட்டர்’ வந்தார்: இரண்டு மூன்று கட்டா மனையைக் கொடு, மாடி மாடியாகக் கட்டுகிறேன், உனக்குப் பாதி ஃப்ளாட். பட்டா இல்லாத மனைக்கு இந்தப் பேரம் படியாது.

● பக்கத்து பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில் ஒரு காலத்தில் உஷா தொழிற்சாலை ஓடியது. நம் வீட்டுத் தையல் மிஷின் உஷாதான். அந்த இடத்தில் எழுந்த சவுத் சிட்டி வணிக வளாகத்தை 2025-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்டோன் நிறுவனம் வாங்கியது. விலை சுமார் 3,250 கோடி ரூபாய்.