பலர் என்றால் யாவர்?

ஆங்கிலம் பயிலும் நம் மாணாக்கர் வகுப்பில் வாதம் புரியும்போது 'மெனி பீப்பிள் ஸே', 'எட்ஸெட்ரா' என்னும் சொற்களே மலிகின்றன. அந்நிய பாஷையில் தக்க சொல் அகப்படாமையே காரணமென்பர். அது பாதி உண்மை. மற்றப் பாதி, ஆதாரம் தேடாமை.

1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட மாமல்லபுரம் செங்கற்பட்டு மாணாக்கருக்குத் தொலைவன்று. அங்குள்ள பெரும்பாறைச் சிற்பம் அர்ச்சுனன் தபசா, பகீரதன் தபசா என்று அவர்கள் வாதிக்கட்டும். 'பலர் பகீரதன் என்கின்றனர்' என்பது வாதமாகாது. பாறையின் நடுப்பிளவையும் அதிலுள்ள நாகர்களையும் சுட்டி, 'இது கங்கை' என்பதே வாதம். ஒற்றைக்காலில் நிற்கும் தவசிக்கு வரமளிக்கும் சிவபெருமானைச் சுட்டி, அர்ச்சுனன் பாசுபதம் பெற்ற கதையை நினைவூட்டுவது எதிர்வாதம்.

அறிஞரிடையே இன்றும் முடிவுறாத இவ்விஷயத்தில், ஆதாரங்களை ஆராய்ந்தவன் 'பர்ஹாப்ஸ்' என்பது அடக்கம். ஆராயாதவனுக்கோ அச்சொல் ஒளிந்துகொள்ளும் திரை.

ஆசிரியர்களுக்கு நாம் சொல்வது இதுவே: 'பலர்' என்றால் யாவர், 'பல' என்றால் எவை என்று அங்கேயே கேளுங்கள். ஆங்கிலச் சொல் வராவிடில் விடையை முதலில் தமிழில் சொல்லட்டும். இன்று வகுப்பில் இக்கேள்வியைக் கேட்கப் பழகாதவர், நாளை பொதுமேடையில் 'மக்கள் விரும்புகின்றனர்' என்று எவர் முழங்கினும் கைகொட்டியே கலைவர்.