சர்க்கரைக்குள் ஒரு நாணல்

காட்டுப்பள்ளித் துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஓய்வதில்லை. அந்த இரைச்சலை விட்டு விலகி, கொசஸ்தலை ஆற்றோரமாக மேலே போனால் வெண்கதிர் ஆட்டி நிற்கிறது நாணல். முற்றிவிட்டால் மாடுகூடச் சீந்தாத புல். நம் வேளாண் அறிவியல் தலைவணங்கிய புல்லும் இதுதான்.

அந்தக் கதை சைதாப்பேட்டையில் ஆரம்பிக்கிறது. அங்கே 1865 வாக்கில் அரசுப் பரிசோதனைப் பண்ணை ஒன்று தொடங்கியது. ஆளுநர் வில்லியம் டெனிசனின் ஆசை அது. இங்கிலாந்திலிருந்து நீராவி ஏர், கதிரடிக்கும் இயந்திரம், ரசாயன உரம் எல்லாம் வரவழைத்தார்கள். நம் குடியானவருக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதுதான் நோக்கம்.

பாடம் யாருக்குத் தேவைப்பட்டது? அமெரிக்கா இங்கிலாந்தின் குடியேற்ற நாடாக இருந்தபோது, கனெக்டிகட்டில் ஜாரெட் எலியட் என்ற பாதிரியார் வரிசை விதைப்புக் கருவியை எளிமையாக்கப் படாதபாடு பட்டார். 1795-ல் சென்னை மாகாணத்தில் கேப்டன் ஹால்காட் வயலோரம் போகையில் அதே வகைக் கருவி வேலை செய்வதைக் கண்டு திகைத்தார். ஐரோப்பாவின் புதுக் கண்டுபிடிப்பு என்றல்லவா அதுவரை நினைத்திருந்தார்! மேலே மரக்கிண்ணம், கீழே மூங்கில் குழாய்கள். கிண்ணத்தில் கைவிதையை விட்டுக்கொண்டே நடந்தால், சால் பிசகாமல் மண்ணில் இறங்கிவிடும்.

வேளாண் வேதியியலாளர் வோல்கர் 1889-ல் இந்தியா வந்து ஊர் ஊராகப் பார்த்தார். 1893-ல் வெளியான அறிக்கையில், இந்திய விவசாயி இங்கிலாந்தின் சராசரி விவசாயிக்குச் சளைத்தவரல்ல, அவருக்குக் குறைவது வசதிதான் என்று எழுதினார்.

சைதாப்பேட்டையில் 1876-ல் கல்லூரியாக வளர்ந்த வேளாண் கல்வி, 1906-ல் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்தது. அங்கே 1912-ல் கரும்பு இனவிருத்தி நிலையம் எழுந்தது. வட இந்தியாவில் கரும்பு லேசில் பூக்காது, கோவையில் பூக்கும். பூத்தால்தானே ஒட்டுச் சேர்க்க முடியும்? நிலையத்தின் விஞ்ஞானிகளான பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் சாறு மிகுந்த கரும்பை நாணலோடு இணைத்தார்கள். கரும்பு இனிப்பைத் தந்தது. வறட்சியையும் நோயையும் தாங்கும் வைராக்கியத்தை நாணல் தந்தது. 1918-ல் வெளிவந்த 'கோ 205' பஞ்சாப் வயல்களில் வேரூன்றியது.

துறைமுக வாசல் டீக்கடையில் லாரி ஓட்டுநர்கள் கிளாஸைச் சுழற்றிச் சர்க்கரையைக் கரைக்கிறார்கள். அந்தச் சர்க்கரையைத் தந்த கரும்பின் வம்சத்தில், ஆற்றோரம் தலையாட்டும் நாணலுக்கும் பங்கு உண்டு.