கையைப் பார்த்துக் கற்கும் பாடம்
பரிசோதனைக்கூடம் திரைக்கு வந்திருக்கிறது. எல்லைத் தமிழ் மாணவருக்கு அது எவ்வளவு உதவும்?

நெய்யாற்றின்கரையிலிருந்து பூவாறு செல்லும் வழியில் இருக்கிறது திருப்புறம். அங்கிருந்து பாறசாலையும் களியக்காவிளையும் தொலைவில் இல்லை. 1956 நவம்பர் 1-ல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா தமிழகத்துடன் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் மலையாளம். பிள்ளை பிளஸ் ஒன் வகுப்பில் சயன்ஸ் குரூப்பில் சேர்ந்தால், மூன்றாவதாக ஆங்கிலமும் வந்து சேர்கிறது.

தமிழ் வழியில் படித்த மாணவனுக்கு 'செல்', 'திசு', 'உட்கரு' என்றால் நன்றாகப் புரியும். மலையாள வழியில் படித்த தோழனோ செல்லைக் 'கோசம்' என்கிறான். திசுவைக் 'கல' என்கிறான். உட்கருவை 'மர்மம்' என்கிறான். ஆசிரியர் பாடம் நடத்துவது ஆங்கிலச் சொற்களில். தமிழ் மாணவனுக்கு எல்லாமே மர்மமாகிவிடுகிறது!

எழுத்துத் தேர்வை மனப்பாடம் செய்தாவது தாண்டிவிடலாம். செய்முறைத் தேர்வு அப்படியல்ல. அங்கே கை பேச வேண்டும். ஒரு நுண்ணோக்கியைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றால், ஆசிரியரின் கையைப் பார்ப்பவர்கள் முன்னால் நிற்கும் மூன்று பேர்தான். மொழி சரியாக வராத பிள்ளை பெரும்பாலும் பின்வரிசைக்கே ஒதுங்குகிறான். இந்தப் பின்வரிசை மாணவனுக்குத்தான் செய்முறை வீடியோ படங்கள் கைகொடுக்கின்றன.

வெங்காயத் தோலில் என்ன கஷ்டம்?

உயிரியல் செய்முறையில் முதற்பாடம் வெங்காயத் தோல். 'வெங்காயச் செதிலின் உட்புறத் தோலை உரித்து, சாயமிட்டு, நுண்ணோக்கியில் காண்க' என்று புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். செய்து பார்த்தவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும். தோலைத் தடிமனாக உரித்தால் செல் தெரியாது. நீரில் போடாமல் வைத்தால் காய்ந்து சுருண்டுவிடும். மூடும் கண்ணாடியை நேராகப் போட்டால் காற்றுக் குமிழி உள்ளே அகப்பட்டுக் கொள்ளும். அந்தக் கறுத்த வட்டக் குமிழியையே செல் என்று எண்ணிப் படம் வரைந்துவிட்டு வரும் மாணவர்களும் உண்டு.

நல்ல வீடியோவில் காமிரா ஆசிரியரின் தோள்மீது இருந்து பார்க்கிறது. மூடும் கண்ணாடியின் ஒரு விளிம்பு முதலில் நீரைத் தொடுகிறது. மறு விளிம்பை ஊசி தாங்கி, மெல்ல மெல்ல இறக்குகிறது. நீர் பரவப் பரவக் காற்று வெளியேறுகிறது. இதைச் சொல்லி விளக்க ஒரு பக்கம் வேண்டும். பார்க்கப் பத்து வினாடி போதும். புரியவில்லையென்றால் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்க்கலாம். வகுப்பில் ஆசிரியரை நான்காம் முறை செய்து காட்டச் சொல்ல எந்தப் பிள்ளைக்குத் துணிச்சல் வரும்?

உறை மோரும் கம்பி வளையமும்

கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைக் கையாளும் நுண்ணுயிரியலில் இந்தப் படங்களின் தேவை இன்னும் அதிகம். பாலில் உறை மோர் ஊற்றித் தயிராக்கும் தாய்மார்கள் தினமும் செய்வது நுண்ணுயிரியல்தான். சமையலறையில் உறை சிறிது கூடினாலும் குறைந்தாலும் தயிர் கிடைத்துவிடும். பரிசோதனைக்கூடத்திலோ வேண்டாத ஒரு கிருமி புகுந்தாலும் உழைப்பு வீண்.

கிருமிகளை வளர்க்க 'அகர்' என்ற பொருளை உருக்கித் தட்டில் ஊற்றி உறைய வைக்கிறார்கள். இது கடற்பாசியிலிருந்து கிடைப்பது. ராமேசுவரம், மண்டபம் கடற்பகுதியில் மீனவப் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசியிலிருந்தும் அகர் தயாராகிறது. மூடியுள்ள வட்டத் தட்டு, 1887-ல் அதைப் பற்றி எழுதிய ஜெர்மானியர் பெட்ரியின் பெயரால் பெட்ரி தட்டு எனப்படுகிறது.

இந்தத் தட்டில் கம்பி வளையத்தால் கிருமியைக் கோடு கோடாக இழுப்பது ஒரு கலை. வளையத்தைத் தீயில் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, கிருமியைத் தொட்டு, தட்டின் ஒரு மூலையில் கோலம் போல் இழுக்க வேண்டும். மறுபடி காய்ச்சி, ஆறவிட்டு, முதற்கோடுகளின் நுனியிலிருந்து அடுத்த மூலைக்கு இழுக்க வேண்டும். இப்படி மூன்று நான்கு தடவை செய்தால், கடைசிக் கோடுகளில் கிருமிகள் தனித்தனியாக விழும். ஒவ்வொன்றும் பெருகித் தனிப் புள்ளியாக வளரும். வளையம் ஆறுமுன் தொட்டால் கிருமி வெந்துவிடும். அழுத்தினால் அகர் கிழிந்துவிடும். மூடியை முழுவதும் திறந்தால் காற்றிலுள்ள கிருமிகள் குடியேறிவிடும்.

பிறகு தட்டைக் கவிழ்த்து, 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒருநாள் வைக்க வேண்டும். கவிழ்ப்பது ஏன்? மூடியில் படியும் நீர்த்துளி கிருமிகள்மேல் விழுந்து அவற்றைக் கலைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். வகுப்பில் ஒருநாள் காத்திருந்து பார்க்க வேண்டிய வளர்ச்சியை வீடியோ சில வினாடிகளில் காட்டிவிடுகிறது.

டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-ல் வெளியிட்ட சாயமிடும் முறை இன்றும் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடங்களில் வழக்கத்தில் இருக்கிறது. ஊதாச் சாயம் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், பிறகு ஆல்கஹால் கழுவல், கடைசியில் சிவப்புச் சாயம். ஊதாவாகவே நிற்பது ஒரு வகைக் கிருமி. சிவப்பாவது மற்றொரு வகை. எந்த மருந்து பலிக்கும் என்று டாக்டர் தீர்மானிக்க இது முதற்படி. ஆல்கஹால் கழுவும் சில வினாடிகளில்தான் பலர் தவறுகிறார்கள். வடியும் நீலம் நின்றவுடன் நிறுத்த வேண்டும். அந்த நேரத்தைக் கண்ணால் பார்த்தால்தான் மனதில் பதியும்.

விஞ்ஞானிகளுக்கும் இதே தொல்லை

பள்ளிப் பிள்ளைகள் மட்டும் தடுமாறுவதாக நினைக்க வேண்டாம். மோஷே பிரிட்ஸ்கர் என்ற ஆராய்ச்சியாளர் அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் இருந்தபோது, கட்டுரையில் படித்த ஒரு செய்முறை அவருக்குக் கைகூடவில்லை. அதை நேரில் பார்த்துக் கற்க ஸ்காட்லாந்தின் எடின்பரோ வரை போய்வர வேண்டியிருந்தது. பிறகு 2006-ல், பரிசோதனைகளை வீடியோவாகவே வெளியிடும் விஞ்ஞான இதழ் ஒன்றை அவர் தொடங்கினார்.

நம் நாட்டில் திரைவழிக் கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1975 ஆகஸ்டிலிருந்து ஓராண்டுக் காலம், ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே டெலிவிஷன் பாடங்கள் போயின. கேரளமும் தமிழகமும் அந்த ஆறில் இல்லை. 2004 செப்டம்பர் 20-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதைப் பயன்படுத்திய கேரளத்தின் விக்டர்ஸ் திட்டத்தை 2005 ஜூலை 28-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கி வைத்தவர், ராமேசுவரத்துத் தமிழரான ஜனாதிபதி அப்துல் கலாம். தமிழகத்தின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் வந்தது. கொரோனா காலத்தில் 2020 ஜூன் 1 முதல் விக்டர்ஸ் வழியே கேரளப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே படித்தனர்.

கல்லூரி மாணவர்களுக்கு இன்னொரு வசதியும் பக்கத்திலேயே உருவாகியிருக்கிறது. மத்திய அரசின் 'விர்ச்சுவல் லேப்ஸ்' திட்டத்தில், கொல்லம் மாவட்டம் அமிர்தபுரியிலுள்ள அமிர்தா பல்கலைக்கழகம் உயிரியல், நுண்ணுயிரியல் செய்முறைகளை இணையத்தில் தந்திருக்கிறது. விளக்கத்தைப் படித்து, படத்தைப் பார்த்து, திரையிலேயே செய்தும் பார்க்கலாம்.

திரை போதுமா?

போதாது. திரையில் மூடும் கண்ணாடி உடைவதில்லை, விரல் சுடுவதில்லை. வளையத்தை எவ்வளவு மென்மையாக இழுக்க வேண்டும் என்பது அகரைத் தொட்டவருக்கே தெரியும். சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்துக் கொண்டிருந்தால் மட்டும் சைக்கிள் வந்துவிடாது. வீடியோ கிடைத்துவிட்டது என்று செய்முறை வகுப்பைச் சுருக்கினால் நஷ்டம் மாணவனுக்கே.

மற்றோர் எச்சரிக்கை. வெங்காயத் தோல் உரிப்பதை வீட்டில் பழகலாம். கிருமி வளர்க்கும் சோதனையை மட்டும் வீட்டில் செய்யவே கூடாது. தட்டில் வளர்வது எது என்று யாருக்கும் தெரியாது. பரிசோதனைக்கூடத்தில் அதைக் கொதி நீராவியில் அழுத்தத்தில் வைத்துக் கொன்ற பிறகே வெளியே போடுகிறார்கள்.

பெற்றோர் செய்யக்கூடியது

செய்முறை வகுப்புக்கு முதல்நாள் மாலை, வீட்டிலுள்ள செல்போனில் அந்தச் செய்முறையை ஒருமுறை ஒலியோடு பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டுக் கைகளை மட்டும் பார்க்கட்டும். அந்தக் கைகளுக்குத் தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. பார்த்ததைப் பையனோ பெண்ணோ தன் சொந்தச் சொற்களில் உங்களுக்குச் சொல்லட்டும். உங்களுக்கு விஞ்ஞானம் தெரியாவிட்டாலும் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்; எங்கே தடுமாறுகிறார்கள் என்பது அவர்களுக்கே விளங்கிவிடும்.

ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு தமிழ், மலையாளம், ஆங்கிலச் சொற்களை எழுதிவரச் செய்யுங்கள். நுண்ணோக்கி, சூக்ஷ்மதர்சினி, மைக்ராஸ்கோப் என்று ஓராண்டு எழுதினால் மொழி அச்சம் குறையும். தமிழகப் பாடத்திட்டம் வேறு, கேரளப் பாடத்திட்டம் வேறு என்பதை மறக்க வேண்டாம். தமிழ் வீடியோவைப் புரிந்துகொள்ளப் பார்க்கலாம். தேர்வுக்குத் தங்கள் பள்ளிப் புத்தகத்தையே நம்ப வேண்டும்.

லேப் டெக்னீஷியன் படிப்புகளில் சேரும் பிள்ளைகளுக்கு இந்தக் கைப்பழக்கம் பிற்காலத்தில் சோறு போடக்கூடியது. கூலி வேலையிலும் குமாஸ்தா வேலையிலும் இருந்துகொண்டு பிள்ளையைச் சயன்ஸ் படிக்க வைக்கும் குடும்பங்களுக்கு அது சிறிய விஷயமல்ல.

ஆகவே அடுத்த பி.டி.ஏ. கூட்டத்துக்குச் சம்பள நாள், வேலை நாள் என்று பாராமல் போய் வாருங்கள். செய்முறை வகுப்பில் மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரிக்க முடியுமா, ஒவ்வொருவர் கைக்கும் நுண்ணோக்கி ஒருமுறையாவது வருமா என்று கேளுங்கள். மலையாளத்தில் கேட்கத் தயங்கினால் தமிழிலேயே கேளுங்கள். இந்த எல்லையில் தமிழ் புரியாத ஆசிரியர் அபூர்வம்.