மூளை வடிவில் ஒரு நண்டு!
ஆழ்கடல் பிராணிக்குப் பெயர் வைத்த கதை

நண்டு என்றதும் நமக்கு நினைவு வருவது நண்டு ரசம்தான். ஆனால், கடலடிச் சேற்றோடு மேலே வந்த ஒரு நண்டைக் கையில் எடுத்து, "நீ யார்? உன் குடும்பம் எது?" என்று பொறுமையாக விசாரித்தவர்களும் உண்டு.

1881-ல் பம்பாயில் கட்டப்பட்ட 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற நீராவிக் கப்பலுக்கு, இந்தியக் கடல்களை அளந்து படம் வரைவதே வேலை. கப்பலின் வைத்தியர்தான் உயிரின ஆராய்ச்சியாளரும்கூட. ஆழத்தில் வலையை இழுத்து, அகப்பட்ட ஜந்துக்களைச் சாராயத்தில் பதனிட்டுக் கல்கத்தா மியூசியத்தில் சேர்ப்பார்கள். அப்படி வங்காள விரிகுடாவிலிருந்து வந்தது ஒரு சிலந்தி நண்டு.

சிலந்தியைப் போல நீண்ட கால்கள். ஆனால் முதுகைப் பார்த்தால் ஆச்சரியம்! இரு பக்கமும் உப்பி, நடுவே பள்ளம் விழுந்து, மூளையின் இரு பாதிகளை ஒட்டி வைத்தது போன்ற ஓடு!

பெயர் வைப்பது எளிதா?

குழந்தைக்குப் பெயர் சூட்டுவது போன்றதல்ல இது. கண்குழியின் அமைப்பு, உணர்கொம்பின் அடிப்பகுதி, முன்மூக்கின் வடிவம் எல்லாவற்றையும் பார்த்து, ஏற்கெனவே தெரிந்த உறவினர்களோடு ஒப்பிட வேண்டும். எந்தப் பேரினத்திலும் அடங்காது என்று உறுதியானால்தான் புதுப் பேரினம். தவறினால், பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் வழி தவறுவார்கள்.

1891-ல் வுட்-மேசன், ஆல்காக் என்ற இரு கல்கத்தா விஞ்ஞானிகள் வெளியிட்ட கட்டுரையில் இந்த நண்டுக்கு 'என்ஸெபலாய்டிஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கி' என்ற பெயர் கிடைத்தது. முதல் சொல்லுக்கு 'மூளை போன்றது' என்று பொருள். அதுதான் பேரினத்தின் பெயர். இரண்டாவது, ஆர்ம்ஸ்ட்ராங் என்ற கப்பல் வைத்தியரை நினைவூட்டுவது. பேரினப் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கி எழுதுவது விஞ்ஞானிகள் வழக்கம். தகப்பனார் பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொள்ளும் நமக்கு இது புதிதல்லவே!

உப்பலின் ரகசியம்

நூறு ஆண்டுகள் கழிந்தன. 1994-ல் 'டிஸ்கவரி' என்ற பிரிட்டிஷ் கப்பல் அரபிக் கடலில் ஓமான் கரைக்கு அப்பால் ஆராய்ந்தது. அங்கே சில நூறு மீட்டர் ஆழத்தில் தண்ணீரில் பிராணவாயு மிகமிகக் குறைவு. பல மீன்களுக்கு அங்கே மூச்சுத் திணறும். ஆனால் நம் மூளை நண்டோ கூட்டங்கூட்டமாக வாழ்ந்துகொண்டிருந்தது!

இப்போது அந்த உப்பலை மறுபடி பாருங்கள். அதற்கு உள்ளே இருப்பது செவுள்களின் அறை. நண்டு சுவாசிக்கும் இடம். காற்றுக் குறைந்த வீட்டில் குடியிருப்பவனுக்குப் பெரிய ஜன்னல் உதவுவதுபோல, இந்த அகன்ற அறை அதற்கு உதவுகிறது என்று நினைக்க இடமிருக்கிறது.

வுட்-மேசன் 1893-லேயே காலமாகிவிட்டார். ஓமான் கடலைப் பற்றி அவர் கனவிலும் அறியார். ஆயினும், அந்த நண்டின் உடலில் எது முக்கியமோ, அதையே பேரினத்தின் பெயராக்கிவிட்டுப் போனார். காரணம் தெரியாவிட்டாலும் கண்டதைச் சரியாகக் கண்டு எழுதி வைத்தால், காரணம் ஒரு நாள் தானே வந்து சேரும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?