இலவசப் பக்கத்திற்கு 18 லட்சம் வெள்ளியா?

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் சேலைக்கடை வைத்திருப்பவர்கூட ஒரு சென் கட்டாமல் முகநூல் பக்கம் திறந்துவிடலாம். அப்படியிருக்க, சுற்றுலா அமைச்சு முகநூலுக்காகச் சுமார் 18 லட்சம் வெள்ளி செலவிட்டது 2011 ஜூனில் நாடாளுமன்றத்தில் தெரியவந்ததும் மக்கள் கொதித்தார்கள். பக்கத்திற்கு மட்டுமல்ல, அதிலுள்ள செயலிகளுக்கும் பிரச்சாரங்களுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பணம் என்று அமைச்சர் டாக்டர் இங் யென் யென் விளக்கினார்.

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பக்கம்தான் இலவசம், அதை நாலு பேர் கண்ணில் படவைக்க விளம்பரக் கட்டணம் உண்டு, செயலி எழுத ஆள் கூலியும் உண்டு. ஆனால், எந்த வேலைக்கு எத்தனை வெள்ளி, அதைப் பார்த்து எத்தனை சுற்றுப்பயணிகள் வந்தார்கள்? வரி கட்டுபவர் கேட்க வேண்டிய கணக்கு இதுதான். 'லைக்' எண்ணிக்கை அதற்குப் பதிலாகாது. அமைச்சைக் கேலி செய்து எழுந்த 'சூரி-சூரி வாங் மலேசியா' பக்கம், சில நாட்களிலேயே அதிகாரபூர்வப் பக்கத்தைவிட அதிக 'லைக்' வாங்கிவிட்டது!